அந்த மூவாயிரம் டாலர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். 2014-ல் என் சிறுகதைத் தொகுப்பு ஒன்று வெளிவந்தது. 300 பிரதி போட்டார்கள். போன மாதம் என் தங்கை மகன் அதன் பிடிஎஃப்பை டெலிகிராமில் பார்த்துவிட்டு எனக்கு அனுப்பினான். நூலக முத்திரையோடு அப்படியே ஸ்கேன் செய்திருக்கிறார்கள். இப்படிச் சுற்றும் பிடிஎஃப்களைத்தான் ஏஐ நிறுவனங்கள் அள்ளிக்கொண்டு போகின்றன என்றும், அமெரிக்காவில் ஒரு நிறுவனம் புத்தகத்துக்கு 3,000 டாலர் கொடுக்கிறது என்றும் சொல்கிறான். எனக்கும் அதில் பங்கு உண்டா? பணத்துக்காக மட்டும் கேட்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

க., பாளையங்கோட்டை

அன்புள்ள க. அவர்களுக்கு,

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பணம் உங்களுக்கு வராது. ஏன் வராது என்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் தங்கை மகன் சொல்வது, ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனத்தின் மீது மூன்று எழுத்தாளர்கள் 2024-ல் கலிபோர்னியாவில் தொடுத்த வழக்கு. 2025 ஜூனில் நீதிபதி வில்லியம் அல்சப் அதை இரண்டாகப் பிரித்துத் தீர்ப்புச் சொன்னார். புத்தகங்களை வைத்து ஏஐ இயந்திரத்தைப் பழக்கியது நியாயமான பயன்பாடு, அதாவது அனுமதி கேட்காமலே செய்யக்கூடியது என்றார். காசு கொடுத்து வாங்கிய புத்தகங்களின் முதுகை வெட்டி, தாள் தாளாகப் பிரித்து ஸ்கேன் செய்ததையும் அவர் ஏற்றுக்கொண்டார். லிப்ஜென் போன்ற திருட்டுத் தளங்களிலிருந்து 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளை இறக்கிச் சேர்த்து வைத்ததை மட்டும் ஏற்கவில்லை. அது விசாரணைக்குப் போவதற்குள் நிறுவனம் 150 கோடி டாலருக்குச் சமரசம் பேசி முடித்தது. பணம் பெறும் பட்டியலில் சுமார் 4,80,000 நூல்கள். வகுத்தால் வருவதுதான் அந்த 3,000, அதுவும் வழக்கறிஞர் கட்டணம் கழிப்பதற்கு முன்.

அந்தப் பட்டியலில் ஏற, நூல் வெளிவந்த ஐந்து ஆண்டுக்குள் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். 300 பிரதி போடும் தமிழ்ப் புத்தகத்தை வாஷிங்டனில் போய் யார் பதிவு செய்கிறார்கள்? நம் நாட்டில் பதிவே கட்டாயமில்லை. கதையை எழுதி முடித்ததும் உரிமை உங்களுடையது, உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள். ஆக, ஒரே தளத்திலிருந்து ஒரே நாளில் திருடப்பட்ட இரண்டு புத்தகங்களில் ஒன்றுக்குப் பணம், இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை. இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

சரி, கேட்டிருக்க வேண்டாமா என்கிறீர்கள். கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணமும். படித்ததே குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். நாம் எல்லோரும் படித்துத்தான் எழுத வந்தோம். ஆனால் நான் படித்ததால் யாருடைய புத்தகமும் விற்காமல் போகவில்லை. இந்த இயந்திரமோ, படித்ததை வைத்து அதே சந்தையில் நாளைக்கு ஆயிரம் கதைகளைக் கொண்டுவந்து கொட்டும். அல்சப் தீர்ப்புக்கு இரண்டு நாள் கழித்து, பேஸ்புக்கை நடத்தும் மெட்டா மீது எழுத்தாளர்கள் தொடுத்த இதே மாதிரி வழக்கில் நீதிபதி வின்ஸ் சாப்ரியா இதைத்தான் எழுதினார். எழுத்தாளர்கள் தங்கள் நஷ்டத்துக்குச் சான்று காட்டாததால் அந்த வழக்கில் மெட்டா ஜெயித்தது. ஆனாலும் சந்தை மூழ்கிப்போவது பற்றிய அவருடைய கவலைதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

நம் ஊருக்கு வருவோம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ தன் செய்திகளை அனுமதி இல்லாமல் பயன்படுத்தியதாக ஏஎன்ஐ செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே அல்சப்பின் வாதத்தை அப்படியே எடுத்து வைக்க முடியாது. நம் 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, எதற்கெல்லாம் அனுமதி இல்லாமல் பயன்படுத்தலாம் என்று பெயர் சொல்லிப் பட்டியல் போடுகிறது: சொந்தப் படிப்பு, ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி என்று. அமெரிக்கச் சட்டத்தைப் போல வாசலைத் திறந்து வைக்கவில்லை.

இதற்கிடையே 2025 டிசம்பரில் மத்திய அரசு அமைத்த குழு ஓர் அறிக்கையை வெளியிட்டது. ஏஐ நிறுவனங்கள் சட்டப்படி கையில் கிடைக்கும் எதையும் பயன்படுத்தலாம், பதிலுக்கு ராயல்டி கட்ட வேண்டும், எழுத்தாளர் வேண்டாம் என்று மறுக்க முடியாது என்பது அதன் யோசனை. காசு வரும் என்பது நல்லதுதான். ஆனால் ‘என் கதையைத் தொடாதே’ என்று சொல்லும் உரிமையை எடுத்துக்கொண்டு காசு கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் கேட்ட அந்த ஒரு வார்த்தைக்கு அங்கே இடமில்லை.

இனி உங்கள் கையில் இருப்பதைப் பார்ப்போம். பதிப்பாளரிடம் என்ன எழுதிக் கொடுத்தீர்கள்? உங்கள் கடிதம் வந்த அன்று என் பழைய இரும்புப் பெட்டியைத் திறந்து தேடினேன். 1998-ல் என் முதல் நூலுக்குக் கொடுத்த ரசீது கிடைத்தது. பாதித் தாள். ‘நூலின் உரிமைக்காக ரூ. 1,500 பெற்றுக்கொண்டேன்’ என்று ஒரே வரி. கீழே ரெவென்யூ ஸ்டாம்ப், அதன் குறுக்கே என் கையெழுத்து. ‘நமக்குள்ள எதுக்குத் தம்பி ஒப்பந்தம்?’ என்று பதிப்பாளர் சொன்னதும், அதைப் பெரிய அன்பாக எடுத்துக்கொண்டு நான் பஸ் ஏறியதும் நினைவுக்கு வந்தன. இருபது வருஷத்துக்கு மேல் அந்த நூல் என்னுடையதில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். காலம் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்தால் ஐந்து ஆண்டுதான் செல்லும் என்கிறது அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு. அப்படிப் பார்த்தால் 2003-லேயே நூல் எனக்குத் திரும்பிவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை.

உங்களுக்கு இன்னொரு பலமும் உண்டு. 2012-ல் திருத்தப்பட்ட 18-வது பிரிவின்படி, ஒப்பந்தம் போட்ட நாளில் இல்லாத, அல்லது வணிகப் புழக்கத்துக்கு வராத ஒரு பயன்பாட்டுக்கு அந்த ஒப்பந்தம் செல்லாது, அதைக் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தால் ஒழிய. 2014-ல் உங்கள் பதிப்பாளர் ஏஐ பயிற்சியைப் பற்றி எழுதியிருக்க வாய்ப்பே இல்லை. அப்படியானால் உங்கள் கதைகளை ஏஐ நிறுவனத்துக்கு விற்க அவருக்கு உரிமை இல்லை என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது.

ஆகவே, முதலில் அந்த ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் பதிப்பாளரிடம் நகல் கேளுங்கள், வாய்மொழியாக வேண்டாம், தபாலில் கேளுங்கள். அப்புறம் அந்த டெலிகிராம் பிடிஎஃப்பைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். எந்தக் குழுவில், எந்தத் தேதியில் கிடைத்தது என்று தங்கை மகனிடம் கேட்டுத் தாளில் எழுதி, ஒப்பந்தத்தோடு சேர்த்துப் பின் குத்தி வையுங்கள். ஒப்பந்தம் கிடைத்ததும் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து படித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்