பென்டிரைவில் போகும் பதிப்பு: கமிஷன் கடை மென்பொருளைத் தானாகக் கட்டி வெளியிடுவது எப்படி?

கேள்வி: பாவூர்சத்திரம், ஆலங்குளம், நெல்லை நயினார்குளம் மார்க்கெட் என்று 23 காய்கறி கமிஷன் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறேன். கோ நிரல்மொழியில் எழுதியது, கணக்கெல்லாம் எஸ்க்யூலைட் டேட்டாபேஸில். தனி ஆள்தான். மாற்றம் வரும்போதெல்லாம் என் லேப்டாப்பில் கம்பைல் செய்து (கோடை எக்ஸி ஃபைலாக்கி) பென்டிரைவில் கொண்டுபோய்ப் போடுவேன். போன மாதம் ஒரு கடையில் இறக்குகூலியைத் திருத்திக் கொடுத்த பிறகும் பழைய கணக்கே வந்தது. எந்த எக்ஸி போனது என்று எனக்கே தெரியவில்லை. இதற்கு நடுவில் புது லேப்டாப் வாங்கினேன். அதில் கட்டிய எக்ஸி நாலு கடைகளில் திறக்கவே மாட்டேன் என்கிறது. கருப்புத் திரை மின்னி மறைகிறது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் (கோடைத் தானாகக் கட்டித் தரும் வசதி) வைத்தால் எல்லாம் தானாக நடக்கும் என்கிறார்கள். கோடு அங்கே பிரைவேட் ரெப்போவில் (வெளியார் பார்க்க முடியாத கிடங்கில்) இருக்கிறது. எங்கே தொடங்குவது? செலவு ஆகுமா?
– வாசகர், பாவூர்சத்திரம்

பதில்: அந்த நாலு கடையை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் மொத்தக் கேள்விக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது. அந்த நாலு கணினியிலும் விண்டோஸ் 7 ஓடுகிறதா என்று பாருங்கள். அனேகமாக ஓடும். மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே அதைக் கைகழுவிவிட்டது. ஆனால் நம் பக்கத்து மண்டிகளில் பில் அடிக்கும் பெட்டி உடையாத வரை யாரும் மாற்றுவதில்லை. கோ மொழியில் விண்டோஸ் 7-ஐ ஆதரித்த கடைசிப் பதிப்பு 1.20. 2023 ஆகஸ்டில் வந்த 1.21 முதல் விண்டோஸ் 10 வேண்டும். பழைய லேப்டாப்பில் பழைய கோ இருந்தது. புதியதில் புது கோவை இறக்கியிருப்பீர்கள். நீங்கள் ஒரு வரி கோடு மாற்றவில்லை, ஆனாலும் எக்ஸி மாறிவிட்டது.

சரி, மற்ற 19 கடைகளில் என்ன இருக்கிறது? இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. 2022 மார்ச்சில் வந்த கோ 1.18-இலிருந்து, கிட் (கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) ரெப்போவுக்குள் வைத்துக் கட்டும் ஒவ்வொரு எக்ஸிக்குள்ளும் எந்த கமிட்டிலிருந்து (கிட்டில் பதிந்த எந்த நிலையிலிருந்து) கட்டியது என்ற குறிப்பைக் கம்பைலர் தானே எழுதி வைக்கிறது. ஒவ்வொரு கடையிலிருந்தும் எக்ஸியை நகலெடுத்து வந்து, உங்கள் கணினியில் 'கோ வெர்ஷன்' கட்டளையை மைனஸ் எம் சேர்த்து அந்த ஃபைல்மேல் ஓடவிடுங்கள். எந்த கோ பதிப்பு, எந்த கமிட், எந்தத் தேதி என்று வரிசையாகக் கொட்டும். அதில் 'விசிஎஸ் மாடிஃபைடு' என்ற வரியைக் கவனியுங்கள். அது 'ட்ரூ' என்று இருந்தால், கமிட் பண்ணாத மாற்றங்களோடு கட்டிய எக்ஸி அது. அதை இனி யாராலும், உங்களாலும்கூட, அப்படியே திரும்பக் கட்ட முடியாது. (மெயின் ஃபைலின் பெயரை மட்டும் கொடுத்துக் கட்டுகிற பழக்கம் இருந்தால் இந்தக் குறிப்பே ஏறியிருக்காது. ஃபைல் பெயர் இல்லாமல், கோப்புறையைக் காட்டிக் கட்டுங்கள்.)

இந்த 'ட்ரூ' விவகாரத்தில் நானும் அடி வாங்கியவன். பல வருடம் முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், வாடிக்கையாளருக்குப் போன பைனரியில் ஒரு கோளாறு. திருத்தலாம் என்று கோடை எடுத்துக் கட்டினால், கோளாறே வரவில்லை. கட்டியவர் தன் கணினியில் ஒரு ஃபைலைத் திருத்தி, கமிட் பண்ண மறந்து, அப்படியே அனுப்பியிருக்கிறார். அந்தக் கணினியையும் அதற்குள் அழித்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் 'கட்டியவர்' நான்தான். இரண்டு நாள் தூங்கவில்லை.

அதனால் நேரம் மிச்சமாகும் என்பதற்காக இந்தத் தானியங்கி ஏற்பாட்டைச் செய்ய வேண்டாம். மாதத்துக்கு நாலு வெளியீடு போடுகிறவருக்கு என்ன பெரிய நேரம் மிச்சமாகப் போகிறது? எந்தக் கடையில் என்ன ஓடுகிறது என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, உங்கள் லேப்டாப்பில் கட்டிய எக்ஸி இனி எந்தக் கடைக்கும் போகாது என்று வைத்துக்கொள்வது. கிட்ஹப் தரும் இயந்திரம் ஒவ்வொரு முறையும் வெறும் ஆளாக வரும். உங்கள் லேப்டாப்பின் பழைய மிச்சம் எதுவும் அதில் இருக்காது. கமிட் பண்ணாத கோடு அதற்குத் தெரியவே தெரியாது.

வேலை இப்படி ஓட வேண்டும். ஒரு மாற்றம் முடிந்ததும் கிட்டில் 'வி1.4.2' மாதிரி ஒரு டேக் (கமிட்டுக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டு) போட்டுத் தள்ளுகிறீர்கள். 'வி' என்று தொடங்கும் டேக் வந்தால் மட்டும் ஓடு என்று வொர்க்ஃப்ளோவில் (என்னென்ன செய்ய வேண்டும் என்று கிட்ஹப்புக்குச் சொல்லும் ஃபைலில்) எழுதியிருப்பீர்கள். அது கோடை இறக்கி, சொல்லியிருக்கும் கோ பதிப்பை நிறுவி, டெஸ்டுகளை ஓட்டி, எக்ஸி கட்டி, ஜிப் ஆக்கி, வெளியீட்டுப் பக்கத்தில் ஏற்றும். டெஸ்ட் ஒன்று விழுந்தாலும் அங்கேயே நிற்கும். உங்களிடம் டெஸ்டே இல்லை என்றுதான் நினைக்கிறேன். பரவாயில்லை, இறக்குகூலிக் கணக்குக்கு மட்டும் ஒன்று எழுதுங்கள்: இத்தனை மூட்டை கத்தரிக்காய், மூட்டைக்கு இவ்வளவு கூலி, கமிஷன் போக விவசாயி சிட்டையில் என்ன தொகை வர வேண்டும். போன மாதச் சண்டை எங்கே வந்ததோ அங்கே முதல் டெஸ்ட்.

கோ மென்பொருளைக் கட்டி வெளியிட கோரிலீசர் என்று ஒரு கருவியைப் பலர் சொல்வார்கள். நல்ல கருவிதான். லினக்ஸ், மேக், விண்டோஸ் எல்லாவற்றுக்கும் வெளியிடுகிறவருக்கு அது வரம். உங்களுக்கு விண்டோஸ் மட்டும், ஆனால் இரண்டு வெவ்வேறு கோ பதிப்புகள் வேண்டும். அதற்குச் சாதாரண 'கோ பில்டு' வரி இரண்டு போதும். வொர்க்ஃப்ளோவில் 'மேட்ரிக்ஸ்' என்று ஒரு வசதி உண்டு: இரண்டு வரிசை கொடுத்தால் ஒரே வேலையை இரண்டு விதமாக ஓட்டும். முதல் வரிசை கோ 1.20, 32 பிட், பழைய பெட்டிகளுக்கு. இரண்டாவது இப்போதைய கோ, 64 பிட், மற்ற எல்லாருக்கும். ஏன் எல்லாருக்கும் 1.20-ஐயே கொடுக்கக் கூடாது என்று தோன்றும். கோ குழு கடைசி இரண்டு பெரும்பதிப்புகளுக்குத்தான் பாதுகாப்புத் திருத்தம் தருகிறது. 1.20 அந்தக் கணக்கிலிருந்து எப்போதோ போய்விட்டது. இணையம் தொடாத பில் பெட்டியில் அதைச் சகித்துக்கொள்ளலாம், அதற்குமேல் வேண்டாம். இன்னொன்று, உங்கள் கோடுக்கு எந்த கோ பதிப்பு வேண்டும் என்று சொல்லும் 'கோ மாட்' ஃபைலிலும் பதிப்பு 1.20 என்றே இருக்கட்டும். புது லேப்டாப் அதை 1.22.0 மாதிரி மூன்று எண்ணாக மாற்றி வைத்திருந்தால், பழைய கம்பைலருக்கு அந்த வரியே புரியாது.

பதிப்பு எண்ணை எழுதும்போது ஒரு பொறி இருக்கிறது. வொர்க்ஃப்ளோ ஃபைல் யாமல் வடிவத்தில் இருக்கும். அதில் 1.20 என்று மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால் அது தசம எண்ணாகிவிடும். கணக்கில் 1.20-உம் 1.2-உம் ஒன்றுதானே? கோ 1.2-ஐத் தேடப் போய்விடும். அது 2013-இல் வந்தது. மேற்கோள்குறிக்குள் போடுங்கள். நான் பார்த்தவர்களில் பாதிப் பேர் இதில் ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்திருக்கிறார்கள்.

அடுத்த பொறி எஸ்க்யூலைட். கோ நிரலை எஸ்க்யூலைட்டோடு இணைக்க பலரும் பயன்படுத்தும் 'மேட்டன்' டிரைவரைத்தான் நீங்களும் வைத்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அதற்குள் சி கோடு இருக்கிறது. கட்ட சி கம்பைலர் வேண்டும். லினக்ஸ் இயந்திரத்தில் விண்டோஸுக்குக் கட்டும்போது கோ தானாகவே சிகோவை (கோவோடு சி கோடைச் சேர்த்துக் கட்டும் வசதியை) அணைத்துவிடும். பில்டு பச்சை டிக்கோடு முடியும், எக்ஸியும் வரும். கடையில் போய்த் திறந்து டேட்டாபேஸைத் தொடும்போதுதான், சிகோ இல்லாமல் கட்டிய எக்ஸி இது என்று பிழை சொல்லும். அது தெரியவரும் நேரம் விடியற்காலை ஏலமாக இருந்தால் அண்ணாச்சி போனில் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். உபுண்டு லினக்ஸ் இயந்திரத்தில், விண்டோஸுக்குக் கட்டும் மிங்டபிள்யூ சி கம்பைலரை நிறுவி, சிகோவை 1 என்று வெளிப்படையாக இயக்கி, 32 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் உரிய சி கம்பைலர் பெயரை மேட்ரிக்ஸ் வரிசையிலேயே கொடுத்துவிடுங்கள். சி இல்லாமல் முழுக்க கோவிலேயே எழுதிய எஸ்க்யூலைட் டிரைவரும் இருக்கிறது, அதற்கு மாறினால் இந்தத் தலைவலியே இல்லை. ஆனால் 23 கடைப் பாக்கிக் கணக்கு அதன்மேல் ஓடுகிறது. பில்டு முறையையும் டிரைவரையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள்; கோளாறு வந்தால் எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பதிப்பு எண் திரையில் தெரிய வேண்டும். மெயின் பேக்கேஜில் 'வெர்ஷன்' என்று ஒரு ஸ்ட்ரிங் மாறி வைத்து, பில்டு செய்யும்போது லிங்கர் கொடி (கட்டும் கட்டளையோடு சேர்க்கும் ஒரு குறிப்பு) வழியாக டேக் பெயரை அதில் ஏற்றிவிடலாம். அது 'வார்' ஆக இருக்க வேண்டும். 'கான்ஸ்ட்' (மாறிலி) என்று எழுதியிருந்தால் ஏறாது, பிழையும் காட்டாது. அந்த எண்ணை பில் திரையின் மூலையிலும், அச்சாகும் சிட்டையின் அடியிலும் போடுங்கள். "தம்பி, கணக்கு இடிக்குதே" என்று போன் வந்தால், "சிட்டைக்கு அடியில என்ன நம்பர் இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டாலே போதும்.

இனி வெளியிடுவது. இங்கேதான் பிரைவேட் ரெப்போ இடிக்கும். பிரைவேட் ரெப்போவின் ரிலீஸ் பக்கத்தை உள்ளே அனுமதிக்கப்பட்டவர் மட்டுமே பார்க்க முடியும். கடைக்காரரிடம் லிங்க் கொடுத்தால் 404 வரும். அதற்காகக் கோடைப் பொதுவில் வைக்க வேண்டியதில்லை. கோடே இல்லாத, வெளியீடுகள் மட்டும் உள்ள ஒரு பப்ளிக் ரெப்போ தனியாகத் திறந்து அதில் ஏற்றுங்கள். வொர்க்ஃப்ளோவுக்குத் தானாகக் கிடைக்கும் டோக்கன் (அனுமதிச் சாவி) தன் ரெப்போவைத் தாண்டி எழுதாது. எனவே அந்த ஒரு ரெப்போவுக்கு மட்டும், 'கன்டென்ட்ஸ்' எழுதும் உரிமை மட்டும் கொடுத்து, காலாவதித் தேதியோடு ஒரு ஃபைன்கிரெயின்டு டோக்கன் எடுத்து, பிரைவேட் ரெப்போவின் சீக்ரெட்ஸ் என்ற ரகசியப் பெட்டியில் வையுங்கள். காலாவதி நாளை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். இல்லையென்றால் ஒருநாள் திடீரென்று வெளியீடு நின்றுபோய் ஏன் என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

டோக்கன் இருக்கும் இடத்தில், வொர்க்ஃப்ளோவில் சேர்க்க அடுத்தவர் எழுதி வைத்த ஆக்‌ஷன்களை அள்ளிப் போடாதீர்கள். 2025 மார்ச்சில் 'டிஜே ஆக்‌ஷன்ஸ்' தொகுப்பில் பரவலாகப் பயன்பட்ட ஓர் ஆக்‌ஷனின் டேக்குகளை யாரோ விஷமக் கோடுக்குத் திருப்பிவிட்டார்கள். பயன்படுத்தியவர்களின் ரகசியங்கள் லாக்கில் (வேலை ஓடிய பதிவில்) கொட்டின. டேக் என்பது நகர்த்தக்கூடிய ஒட்டுச்சீட்டு, அவ்வளவுதான். கோடை இறக்கவும் கோவை நிறுவவும் கிட்ஹப் தரும் இரண்டு ஆக்‌ஷன்கள் போதும், அவற்றையும் முழு கமிட் ஹேஷ் (அந்த கமிட்டின் மாறாத அடையாள எண்) கொடுத்து அழையுங்கள். வெளியீட்டில் ஏற்றும் வேலையை இயந்திரத்தில் ஏற்கெனவே இருக்கும் 'ஜிஹெச்' கட்டளையே செய்துவிடும்.

ஜிப்போடு அதன் கைரேகை போன்ற ஷா256 எண்ணையும் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலாக ஏற்றுங்கள். மூட்டையை ஏற்றும்போது ஒரு எடை, இறக்கும்போது ஒரு எடை போடுகிற மாதிரி இது. விண்டோஸிலேயே இருக்கும் 'செர்ட்யுட்டில்' கட்டளை கடைக்கணினியில் இந்த எண்ணைக் கணக்கிட்டுத் தரும். இதைக் கடைக்காரர் செய்யப் போவதில்லை. ஃபைல் பாதியில் அறுந்து இறங்கியிருக்கிறதா என்ற சந்தேகம் வரும்போது நீங்கள் செய்வீர்கள்.

புதுப் பதிப்பை எடுத்ததும் எல்லாருக்கும் விடாதீர்கள். முதலில் 'ப்ரீ ரிலீஸ்' என்று குறித்து ஏற்றி, உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும், நாலு வார்த்தை திட்டினாலும் பிறகு டீ வாங்கிக் கொடுக்கும் அண்ணாச்சி கடையில் இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். சரியாக இருந்தால் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். கிட்ஹப்பில் 'லேட்டஸ்ட்' என்ற சொல் வரும் நிரந்தர லிங்க் ஒன்று உண்டு. அது ப்ரீ ரிலீஸைக் கணக்கில் எடுக்காது, முழு வெளியீட்டைத்தான் காட்டும். ஜிப்பின் பெயரில் பதிப்பு எண் சேர்க்காமல் வைத்தால், அந்த ஒரே லிங்க்கை எல்லாக் கடைக்கும் ஒருமுறை கொடுத்தால் போதும். பழைய பெட்டிக்காரர்களுக்கு மட்டும் இன்னொரு லிங்க். பழைய ஜிப்புகளை அழிக்காதீர்கள், திரும்பிப் போக வேண்டியிருந்தால் அவைதான் கை கொடுக்கும்.

செலவு? இலவசக் கணக்கில் பிரைவேட் ரெப்போவுக்கு மாதம் 2000 நிமிடம் கிடைக்கிறது. ஒரு வெளியீட்டுக்குப் பத்து நிமிடம் பிடித்தாலும் நீங்கள் அதன் ஓரத்தைக்கூடத் தொட மாட்டீர்கள்.

கடைசியாக ஒன்று. பென்டிரைவில் வந்த எக்ஸியை விண்டோஸ் கேள்வி கேட்காமல் திறந்தது. இனி பிரவுசரில் இறக்கினால், கையொப்பம் (யார் கட்டியது என்பதற்கான மின்னணு முத்திரை) இல்லாத ஃபைல் என்று விண்டோஸின் காவல் வசதியான ஸ்மார்ட்ஸ்கிரீன் நீலப் பெட்டியை நீட்டும். கோடு கையொப்பச் சான்றிதழ் வாங்கலாம்தான். ஆனால் 2023 ஜூனிலிருந்து அதன் சாவி பாதுகாப்பான வன்பொருளுக்குள்தான் இருக்க வேண்டும் என்று விதி. கையில் இருக்கும் யுஎஸ்பி டோக்கனை கிட்ஹப் இயந்திரத்தில் போய்ச் செருக முடியாது. மேகவழி கையொப்பச் சேவைக்குத் தொடர்ந்து பணம் கட்ட வேண்டும். 23 கடைக்கு இப்போது அது வேண்டாம் என்பேன். எக்ஸியைச் சுருக்குகிறேன் என்று யுபிஎக்ஸ் பக்கமும் போகாதீர்கள், ஆன்டிவைரஸ் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படும். முதல் லிங்க்கை அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு கடைக்கும் போன் போட்டு, நீலப் பெட்டி வரும், அதில் 'மோர் இன்ஃபோ'வைத் தொட்டால்தான் 'ரன் எனிவே' பொத்தான் தெரியும் என்று சொல்லிவிடுங்கள். ஏலம் முடிந்து, சிட்டையெல்லாம் போட்டு, கடை ஓய்ந்த பிறகு.