வாசகர் கேள்வி: டிசையர் எந்த வகை?

கேள்வி: மாருதி டிசையரைச் செடான் (பின்னால் தனி டிக்கி நீண்டிருக்கும் கார்) என்கிறார்கள், ஆனால் அதன் டிக்கி ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கிறது? விற்பனையில் அதை எந்தக் கார்களோடு ஒப்பிடுவது?

பதில்: நீளம் 4 மீட்டருக்குள் அடங்கி, 1,200 சிசிக்கு மேற்படாத பெட்ரோல் இன்ஜினோ 1,500 சிசிக்கு மேற்படாத டீசல் இன்ஜினோ கொண்ட கார்களுக்கான உற்பத்தி வரியை, 2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட் 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தது. 2008இல் 4,160 மில்லிமீட்டர் நீளத்துடன் அறிமுகமான டிசையர், 2012இல் 3,995 மில்லிமீட்டராகச் சுருங்கியது இந்தச் சலுகைக்காகத்தான். அந்த வெட்டு பெரும்பாலும் டிக்கியின் தலையில்தான் விழுந்தது. எனவே, டிசையரை, அதைப் போலவே 4 மீட்டருக்குள் அடங்கும் செடான்களான ஹோண்டா அமேஸ், ஹூண்டாய் ஆரா ஆகியவற்றோடு ஒப்பிடுவதே முறை. வரியும் விலையும் கூடுதலாக உள்ள ஹோண்டா சிட்டியை அதன் பக்கத்தில் நிறுத்தி விற்பனை எண்ணிக்கையைப் பேசுவது, சிட்டிக்குச் செய்யும் அநியாயம் என்றே சொல்வேன். 2024இல் இந்தியாவில் மிக அதிகமாக விற்ற டாடா பஞ்ச்சும் இந்த 4 மீட்டர் வரம்புக்குள் அடங்கும் காரே.