டிவி வாங்குமுன்: கேள்வி பதில்

புது ஸ்மார்ட் டிவி வாங்கப்போகிறவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும் கீழே. எந்த மாடல் என்று கேட்பதற்கு முன் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: உட்காரும் இடத்திலிருந்து சுவர் எத்தனை அடி, அதிகம் பார்ப்பது கேபிளா ஓடிடியா. இந்த இரண்டும் தெரியாமல் அளவு சொல்ல முடியாது.

கேள்வி: சோபாவிலிருந்து சுவர் 8 அடி. பகலெல்லாம் அப்பா அம்மா கேபிளில் சீரியல், இரவில் நாங்கள் ஓடிடி. கடைக்காரர் 55 அங்குலம்தான் எடுக்கச் சொல்கிறார். 43 போதாதா சார்?

8 அடி என்றால் 96 அங்குலம். 4கே படத்துக்கு இந்தத் தூரத்தில் 55 நன்றாகவே இருக்கும், 65 கூடப் பார்க்கலாம். சிக்கல் பகல் நேர சீரியலில்தான். உங்கள் வீட்டில் இருக்கும் கேபிள் செட்டாப் பெட்டி, ஹெச்.டி. இல்லாத சாதாரண எஸ்.டி. வகை என்றால் அது தரும் படம் 720-க்கு 576 புள்ளிகள். 4கே திரையில் இருப்பது 3840-க்கு 2160. கணக்குப் போட்டால் சரியாக 20 மடங்கு. பெட்டியிலிருந்து வரும் ஒவ்வொரு புள்ளியையும் டிவி இருபதாக இழுத்து நிரப்ப வேண்டும். திரை பெரிதாகப் பெரிதாக முகங்கள் மெழுகு பூசினாற்போல் தெரிவது இதனால்தான். புது டிவி வாங்கிய வாரமே "பழைய டிவியே தெளிவாக இருந்தது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இதைத்தான்.

பெட்டியை மாற்றப்போவதில்லை என்றால் 43 எடுங்கள். ஹெச்.டி. பெட்டிக்கு மாறுவீர்கள் என்றால் தயங்காமல் 55. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் செலவைப் பெட்டிக்குத்தான் செய்வேன்.

இன்னொன்று: 55 அங்குல டிவி சுமார் 122 செ.மீ. அகலம், 70 செ.மீ. உயரம். கால்கள் பெரும்பாலும் இரண்டு ஓரத்திலும் இருக்கும், அதனால் மேசை நாலடிக்கு மேல் வேண்டும். செய்தித்தாள்களை அந்த அளவுக்கு ஒட்டிச் சுவரில் மாட்டி ஒருநாள் விட்டுப் பாருங்கள்.

அதே வாசகர்: தங்கை வீட்டில் ஹெச்.டி. பெட்டி போட்டும் மங்கலாகத்தான் இருக்கிறது, ஏன்?

பெட்டிக்கும் டிவிக்கும் நடுவே மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் இருக்கிறதா பாருங்கள். அதில் ஹெச்.டி. படம் போகாது. ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் போட வேண்டும். பிறகு பெட்டியின் அமைப்புகளில் வெளியீட்டை 1080i என்று மாற்றுங்கள். பல பெட்டிகள் 576-இலேயே நின்றிருக்கும். சேனலும் ஹெச்.டி. சேனலாக இருக்க வேண்டும், அதற்குத் தனிச் சந்தா. கடைசியாக டிவியில் ஷார்ப்னஸைப் பாதி அளவுக்கும் கீழே இறக்குங்கள். கூட்டினால் தெளிவு வராது, எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடுதான் வரும்.

கேள்வி: எல்.இ.டி., கியூலெட், ஓலெட் எல்லாம் ஒன்றா? பட்ஜெட் 35,000.

எல்.இ.டி.யும் கியூலெட்டும் ஒரே குடும்பம். இரண்டிலும் எல்.சி.டி. திரைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது. கியூலெட்டில் நிறத்தைக் கூட்ட ஒரு படலம் சேர்கிறது, அவ்வளவுதான். ஓலெட்டில் பின்விளக்கே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும். உங்கள் தொகைக்கு அது வராது. வந்தாலும், நாள் முழுக்கச் செய்திச் சேனல் ஓடும் வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். மூலையில் அசையாமல் நிற்கும் லோகோ நாளடைவில் திரையில் தடமாகப் பதிந்துவிடும்.

அட்டைப்பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைவிடப் பேனல், அதாவது திரைத் தகட்டின் வகை முக்கியம். வி.ஏ. பேனலில் கறுப்பு கறுப்பாக இருக்கும், ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தால் வெளிறும். ஐ.பி.எஸ். எந்தப் பக்கமிருந்தும் ஒரே மாதிரி தெரியும், இருட்டில் கறுப்பு சாம்பலாகும். வீட்டில் எல்லாரும் நேரே உட்கார்ந்து இரவில் படம் பார்ப்பவர்கள் என்றால் வி.ஏ.; ஹால் முழுக்கச் சிதறி உட்காருபவர்கள், சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பவர்கள் என்றால் ஐ.பி.எஸ்.

கடையில் இதைச் சோதிக்க ஒரு பென் டிரைவ் எடுத்துப் போங்கள். அதில் இருட்டுக் காட்சி ஒன்று, மனித முகம் தெரியும் காட்சி ஒன்று போதும். கடையின் டெமோ வீடியோவை நம்ப வேண்டாம். பூவும் கிளியும் எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். ரிமோட்டை வாங்கிப் பட அமைப்பை 'விவிட்'டிலிருந்து 'சினிமா'வுக்கு மாற்றச் சொல்லி, நேரேயும் பக்கவாட்டிலும் நின்று பாருங்கள். ஹெச்.டி.ஆர். (வெளிச்சமும் இருளும் கூடுதலாகத் துலங்கும் படம்) என்ற முத்திரையைப் பார்த்துக் கூடுதல் பணம் தராதீர்கள். 300 நிட் வெளிச்சமுள்ள திரையால் அந்தப் படத்தை வாங்கிக்கொள்ள முடியுமே தவிர, அதற்கு வேண்டிய பிரகாசத்தைக் காட்ட முடியாது.

கேள்வி: நாங்கள் பாயில் உட்கார்ந்துதான் பார்ப்போம். ஷோகேசுக்கு மேலே 6 அடி உயரத்தில் மாட்டலாமா?

வேண்டாம். தரையில் உட்கார்ந்தவர் கண் சுமார் இரண்டரை அடியில் இருக்கும், சோபாவில் மூன்றரை அடி. திரையின் நடுப்பகுதி அந்த மட்டத்தில், போனால் அரையடி மேலே இருக்கலாம். 6 அடியில் மாட்டினால் கழுத்து வலி ஒரு பக்கம், வி.ஏ. பேனலாக இருந்தால் கீழிருந்து பார்க்கும்போது படமே வெளிறிப்போகும். வேறு வழியே இல்லை என்றால் கீழ்நோக்கிச் சாயும் பிராக்கெட் கேளுங்கள், இலவசமாக வரும் ஒட்டுப் பிராக்கெட் சாயாது.

சுவரைத் தட்டிப் பார்த்து, ஹாலோ பிளாக்கா செங்கல்லா என்று மாட்ட வருபவரிடம் முன்பே சொல்லுங்கள். சிமென்ட் பூச்சு மட்டுமே அரை அங்குலம் இருக்கும். ஆணி அதைத் தாண்டிச் செங்கல்லுக்குள் பிடிக்க இரண்டரை அங்குல நீளமாவது வேண்டும். ஹாலோ பிளாக்கில் சாதாரண பிளாஸ்டிக் பிளக் நிற்காது, உள்ளே விரியும் வகை வேண்டும்.

கேள்வி: பெயர் கேள்விப்படாத பிராண்டில் 'ஆண்ட்ராய்டு ஸ்மார்ட் டிவி' பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

ஆண்ட்ராய்டு என்று எழுதியிருந்தால் கூகுள் சான்று பெற்றது என்று அர்த்தமில்லை. கைபேசிக்கான ஆண்ட்ராய்டை அப்படியே டிவியில் ஏற்றி விற்கிறார்கள். அவற்றில் வைட்வைன் எல்1 என்ற பாதுகாப்புச் சான்று இருக்காது, எல்3-தான் இருக்கும். அப்போது ஓடிடி செயலிகள் 480 தரத்துக்கு மேல் படம் தராது. 4கே திரையில் 480! கடையில் பிளே ஸ்டோர் இருக்கிறதா, நெட்ஃபிளிக்ஸ் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் டிவி, வெப்ஓஎஸ், டைசன், ஃபயர் டிவி இவற்றில் எதுவானாலும் பயமில்லை. ராம் 2 ஜிபிக்குக் குறைய வேண்டாம், வைஃபை 5 கிகாஹெர்ட்சையும் பிடிக்க வேண்டும். 2.4-இல் பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் மோதிக்கொள்ளும், படம் சுற்றிக்கொண்டே நிற்கும்.

நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குக் கேட்பது 15 எம்பிபிஎஸ் வேகம். அதுவும் பிரீமியம் திட்டத்தில் மட்டும்தான் 4கே வரும்.

இப்போதிருக்கும் டிவியின் படம் நன்றாக இருந்து, செயலிகள் மட்டும் திணறுகின்றன என்றால் புது டிவியே வேண்டாம். ஹெச்.டி.எம்.ஐ.யில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று போதும்.

கேள்வி: கிரிக்கெட்டுக்கு 120 ஹெர்ட்ஸ் அவசியமா?

இல்லை. ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்ற கணக்கு, 60 போதும். பிளேஸ்டேஷன் 5 மாதிரி விளையாட்டுக் கருவி வைத்திருந்தால் மட்டும் 120-உம் ஹெச்.டி.எம்.ஐ. 2.1-உம் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் கரண்ட் ஏறி இறங்கும். ஸ்டெபிலைசர் போடலாமா? மின்செலவு எவ்வளவு ஆகும்?

டிவியின் பின்னால் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் என்றிருக்கும். இறக்கத்தை அது தாங்கிக்கொள்ளும், ஏற்றம்தான் எமன். கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் வரலாம். ஸ்பைக் பஸ்டர் ஒரு நொடிக்கும் குறைவான துள்ளலைத்தான் தடுக்கும், தொடர்ந்து நிற்கும் உயர் அழுத்தத்தைத் தடுக்காது. ஆகவே உயர் அழுத்தத்தில் தானே துண்டிக்கும் வசதியுள்ள டிவி ஸ்டெபிலைசர் வாங்குங்கள். இடி மின்னலின்போது பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. கேபிள் ஒயரையும் இணைய ஒயரையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

43 அங்குலம் 100 வாட் என்று வைத்துக்கொண்டால், தினம் 5 மணி நேரத்துக்கு அரை யூனிட். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் ஒரு பில்லில் சுமார் 30 யூனிட்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. ஸ்மார்ட் டிவியின் முகப்பைப் பார்த்தாலே குழம்பிவிடுகிறார்.

ஆன் செய்ததும் நேராகப் பெட்டி இணைந்திருக்கும் ஹெச்.டி.எம்.ஐ.க்குப் போகும் அமைப்பு பல டிவிகளில் உண்டு. வாங்கும்போதே அதைக் கேட்டு, கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஹெச்.டி.எம்.ஐ. சிஇசி-யை இயக்கிவிடுங்கள், பெட்டியும் அதற்கு ஒத்துழைத்தால் ஒரே ரிமோட்டில் வேலை முடியும். வசனம் புரியவில்லை என்றும் சொல்வார். மெலிந்த டிவிகளில் ஒலிபெருக்கி கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருப்பதால் பேச்சு சுவரில் பட்டுத்தான் திரும்புகிறது. ஒலி அமைப்பில் பேச்சைத் துலக்கும் தேர்வைப் போடுங்கள். போதாவிட்டால் சிறிய சவுண்ட்பார் ஒன்றை ஏஆர்சி என்று எழுதிய துளையில் இணையுங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? விலை இன்னும் இறங்குமா?

32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. அதற்கு முந்தைய விலையை அடித்துக் காட்டிப் 'பெரும் தள்ளுபடி' என்றால் ஏமாறாதீர்கள்.

டிவியைப் பிரிப்பதை முழுதாக வீடியோ எடுங்கள். ஆன் செய்து முழு வெள்ளை, முழுக் கறுப்பு, முழுச் சிவப்புப் படங்களை ஓடவிட்டுப் பாருங்கள். வெள்ளையில் கறுப்புப் புள்ளி, கறுப்பில் மூலைகளில் ஒளிக்கசிவு, எங்காவது நெடுங்கோடு இருந்தால் மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் புகார் பதியுங்கள். விரிசலைச் சாதாரண வாரண்டி ஏற்காது, பேனல் மாற்றும் செலவு புது டிவி விலையை நெருங்கும்.

கேள்வி: துடைப்பதற்குக் கண்ணாடி கிளீனர் தெளிக்கலாமா?

கூடவே கூடாது. தெளித்தது வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கும். படத்துக்கான இணைப்புப் பட்டைகள் அங்கேதான் ஒட்டப்பட்டிருக்கின்றன. அவை நனைந்தால் திரையில் நெடுங்கோடு விழும், சரிசெய்வது கடினம். டிவியை அணைத்து, திரை ஆறியபின் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மெதுவாகத் துடையுங்கள். பிசுக்கு போகாவிட்டால் துணியை நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.