தொற்றைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்கு அனுப்பிய டாக்டர் மீது வழக்குத் தொடர்ந்தால் வெற்றி கிடைக்குமா?

கிடைக்கலாம். ஆனால் 'கண்டுபிடிக்கவில்லை' என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கிடைக்காது. நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டர். இத்தகைய வழக்குகளில் சில நேரம் நோயாளி தரப்புக்கும் சில நேரம் மருத்துவமனைத் தரப்புக்கும் ஆவணங்களைப் படித்துக் கருத்துச் சொல்லியிருக்கிறேன்.

செப்சிஸ் என்பது, தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறி உறுப்புகளையே பழுதாக்கும் நிலை. தொடக்கத்தில் அது சாதாரண வைரஸ் காய்ச்சலைப் போலவே இருக்கக்கூடும். உடம்பு வலி, குளிர், வாந்தி, அசதி. அனுபவசாலியான டாக்டரும் அப்போது ஏமாறலாம். அதைச் சட்டம் தானாகவே அலட்சியமாகக் கருதுவதில்லை. ஆங்கிலச் சட்ட மரபில் 1957-இல் வந்த போலம் தீர்ப்பு, பொறுப்புள்ள டாக்டர்களில் ஒரு சாரார் ஏற்றுக்கொள்ளும் முறைப்படி நடந்திருந்தால் அது அலட்சியம் ஆகாது என்றது. 1997-இல் பொலிதோ தீர்ப்பு அதற்குக் கடிவாளம் போட்டது. 'எங்கள் வழக்கம் இதுதான்' என்று நிபுணர் சொன்னால் போதாது. அந்த வழக்கத்துக்கு நியாயமான காரணமும் இருக்க வேண்டும்.

வழக்கின் ஆவணக் கட்டு கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது நர்ஸ் எழுதிய அட்டவணையை. ஒரு வழக்கில் நாடித்துடிப்பு 96, 112, 128 என்று ஏறிக்கொண்டே போயிருந்தது. மூச்சு நிமிடத்துக்கு 18-இலிருந்து 26 ஆகியிருந்தது. பாராசிட்டமால் கொடுத்ததால் காய்ச்சல் மட்டும் இறங்கியிருந்தது. கீழே டாக்டரின் கையெழுத்தில் ஒரே வரி: 'காய்ச்சல் தணிந்தது, வீட்டுக்குப் போகலாம்.' காய்ச்சல் இறங்கினால் நாடியும் இறங்க வேண்டும். இறங்காமல் ஏறுகிறது என்றால் உள்ளே வேறு ஏதோ நடக்கிறது. நர்ஸ் அதைச் சரியாகக் குறித்து வைத்திருக்கிறார். அனுப்புவதற்கு முன் அந்தத் தாளை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. முதலில் வைரஸ் என்று எண்ணியதற்காக அந்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். எண்கள் மாறிய பிறகும் எண்ணத்தை மாற்றாததற்குச் சமாதானமே கிடையாது.

இதை நிரூபித்துவிட்டாலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள். அந்த அலட்சியத்தால்தான் இழப்பு நேர்ந்தது என்பதையும் காட்ட வேண்டும். 1960-களில் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கில், தேநீர் குடித்துவிட்டு வாந்தியோடு வந்த இரவுக் காவலாளிகளை அவசரப் பிரிவு டாக்டர் நேரில் பார்க்காமலேயே திருப்பி அனுப்பிவிட்டார். அவர்களில் ஒருவர் இறந்தார். தேநீரில் ஆர்சனிக் கலந்திருந்தது. டாக்டர் கடமை தவறினார் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் உடனே சேர்த்திருந்தாலும் மாற்று மருந்து வேலை செய்வதற்குள் அவர் இறந்திருப்பார் என்று கூறி, நஷ்ட ஈடு கோரிய மனைவியின் வழக்கைத் தள்ளிவிட்டது. அது தொற்று இல்லை, விஷம். ஆயினும் தொற்று வழக்குகளில் எதிர்த்தரப்பு எழுப்புவது பெரும்பாலும் இதே கேள்விதான்.

அதனால் வாதம் மணிக்கணக்கில் வந்து நிற்கும். செப்சிஸ் முற்றி ரத்த அழுத்தம் சரிந்துபோகும் செப்டிக் ஷாக்கில் ஆன்டிபயாடிக் ஒவ்வொரு மணி நேரம் தாமதமாகும்போதும் உயிர் பிழைப்போர் விகிதம் சராசரியாக 7.6 சதவீதம் குறைந்தது என்று 2006-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. ஷாக் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து தர வேண்டும் என்று 2021-இன் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. இவை பலமான ஆயுதங்கள். ஆனால் சராசரியை ஒரு தனி மனிதர் மீது அப்படியே பொருத்த முடியாது. அவர் வந்தபோதே ரத்த அழுத்தம் சரிந்திருந்ததா, சிறுநீர் குறைந்திருந்ததா, ரத்தத்தில் லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ஏறும் பொருள்) எவ்வளவு என்பதை வைத்துத்தான் 'அன்றே சேர்த்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம்' என்று சொல்ல முடியும். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன்னால் இந்தக் கணக்கைப் போடுவது கொடுமை. அது எனக்கு இன்னும் பழகவில்லை.

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. முழுக் கேஸ் ஷீட்டையும் எழுத்து மூலம் கேளுங்கள்: நர்ஸ் அட்டவணை, ரத்தம் எடுத்த நேரம், முடிவு வந்த நேரம், அதை யார் எப்போது பார்த்தார் என்ற பதிவு. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர் முடிவு நோயாளி வீட்டுக்குப் போன பிறகுகூட வரும். வந்தபின் யாராவது உங்களை அழைத்தார்களா என்பதே சில வழக்குகளைத் தீர்மானித்திருக்கிறது. வழக்குத் தொடரக் காலவரம்பு உண்டு, அது நாட்டுக்கு நாடு மாறும்; ஆவணங்கள் கைக்கு வரும்வரை காத்திராமல் இப்போதே ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.