குழந்தைகள் கைக்கு எதைக் கொடுக்கலாம்? கேள்வி பதில்

கொங்கு நாட்டு அங்கன்வாடிகளில் நெடுங்காலம் குழந்தைகளோடு இருந்தவள் என்பதால், விளையாட்டுப் பொருட்களை வீட்டிலேயே செய்வது பற்றிப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்காகப் பதில் சொல்கிறேன்.

திருப்பூரிலிருந்து ஒரு தாய்: அக்கா, கடையில் வாங்கும் வண்ணக் களிமண் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. வீட்டிலேயே செய்ய முடியுமா? மகளுக்கு மூன்று வயது.

தாராளமாக முடியும். மைதா ஒரு கப், தூள் உப்பு அரை கப், தண்ணீர் ஒரு கப், எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து வாணலியில் ஊற்றி, சிறுதீயில் கைவிடாமல் கிண்டுங்கள். முதலில் கூழாக இருக்கும். பிறகு அடியில் திட்டுத் திட்டாக இறுகும். கடைசியில் வாணலியில் ஒட்டாமல் சுருண்டு, கரண்டியோடு ஒரே உருண்டையாகச் சுற்றும். அதுவரை பொறுமை வேண்டும். அவசரப்பட்டு முன்பே இறக்கினால் கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று பச்சை மைதாவை அள்ளிப் போட்டால் காய்ந்ததும் வெடித்து உதிரும். கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, இறுக்கமாக மூடும் டப்பாவில் வைத்தால் சில வாரங்கள் தாங்கும். வாடை வந்தாலோ பூஞ்சை பூத்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

இதைக் கெடாமல் காப்பது உப்புதான். ஆபத்தும் அந்த உப்பில்தான் இருக்கிறது. பெரிய கட்டியாக விழுங்கிவிட்டால் சின்ன உடம்பு அவ்வளவு உப்பைத் தாங்காது. வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் எட்டக்கூடாது. மகள் எதையும் வாயில் வைக்கிறவள் என்றால் இது வேண்டவே வேண்டாம். கொழுக்கட்டைக்குக் கிளறுவது போலப் பச்சரிசி மாவை வெந்நீரில் உப்பில்லாமல் கிளறி, ஆறவைத்துக் கொடுங்கள். அன்றைக்கு விளையாடியதை அன்றைக்கே கொட்டிவிட வேண்டும்.

ஈரோட்டிலிருந்து ஒரு தந்தை: எங்கள் ஊரில் மஞ்சளுக்குப் பஞ்சமில்லை. அதில் வண்ணம் செய்யலாமா?

நீங்கள் கேட்டது எனக்கு மிகவும் பிடித்த பொருள், தம்பி. ஈரோட்டு மஞ்சள் 2019 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அதை வைத்து ஒரு நாள் முழுக்க விளையாட்டுக் காட்டலாம். மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாள் முழுவதும் பூசிக் காயவையுங்கள். ஒரு கிண்ணத்தில் சமையல் சோடாவைக் கரைத்து, தூரிகையால் தொட்டு மகனையே அந்தத் தாளில் எழுதச் சொல்லுங்கள். தூரிகை பட்ட இடம் கண்ணெதிரே செம்பழுப்பாக மாறும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடியும் மஞ்சளாகிவிடும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்ந்ததும் நீர் சிவப்பதும் இதே காரணத்தால்தான். ஆனால் சுண்ணாம்பைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். கண்ணில் பட்டால் வெந்துவிடும். சோடாவே போதும்.

நீலத்துக்குச் சங்குப்பூ. வெந்நீரில் பத்துப் பூவைப் போட்டால் நல்ல நீலம் இறங்கும். எலுமிச்சை பிழிந்தால் ஊதா, இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பு. பீட்ரூட் சாறும் நன்றாக இருக்கும். இவையெல்லாம் வெயில் பட்டால் வெளுத்துப் போகிற வண்ணங்கள் என்பதை மட்டும் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் சுவரில் மாட்டிய படம் மங்கும்போது அழும்.

பொடி வாங்கும்போது கவனம் தேவை. கண்ணைப் பறிக்கும் நிறத்துக்காக மஞ்சளில் லெட் குரோமேட் என்னும் ஈயச் சாயத்தைக் கலப்பது பல இடங்களில் பிடிபட்ட கலப்படம். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். உங்களுக்குத்தான் விவசாயிகள் பக்கத்திலேயே இருக்கிறார்களே. மெருகேற்றாத விரலி மஞ்சளை வாங்கி மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். சமையலுக்கும் அதுவே நல்லது. சாயப்பட்டறையில் வேலை செய்யும் உறவினர் கொடுத்தார் என்று துணிச் சாயத்தை மட்டும் எந்த வீட்டிலும் கலக்காதீர்கள்.

ஆத்தூரிலிருந்து ஒரு ஆசிரியை: ஒட்டுவதற்குப் பசை, கைவிரல் ஓவியத்துக்கு வண்ணம், இரண்டையும் மலிவாகச் செய்ய வழி உண்டா?

உங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவு கிடைக்குமே, வேறென்ன வேண்டும்! இரண்டு கரண்டி மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் பால் போலக் கரைத்துக்கொண்டு, கொதிக்கும் ஒரு கப் நீரில் ஊற்றிக் கிளறுங்கள். வெள்ளை மாறிக் கண்ணாடி போலத் தெளிந்ததும் இறக்கினால் பசை. கொஞ்சம் தளர்வாகக் காய்ச்சிப் பீட்ரூட் சாறோ மஞ்சளோ சேர்த்தால் விரல் ஓவியத்துக்கு வண்ணம். இரண்டு நாளில் புளித்துவிடும் என்பதால் அளவாகவே காய்ச்சுங்கள். பசையில் பூச்சி வராமல் இருக்க அந்தக் காலத்தில் மயில் துத்தம் போடுவார்கள். அது விஷம். பள்ளிக்கூடத்துக்குள் அந்த வழக்கம் வரவே கூடாது.

உடுமலையிலிருந்து ஒரு பாட்டி: பேத்திக்குப் பல்லாங்குழி சொல்லித் தருகிறேன். அழகாக இருக்கிறதே என்று குன்றிமணி போட்டிருக்கிறேன். சரிதானே அம்மா?

இன்றைக்கே எடுத்துவிடுங்கள், அம்மா. குன்றிமணியை முழுதாக விழுங்கினால் சில நேரம் அப்படியே வெளியே வந்துவிடும். ஆனால் ஓட்டை போட்டதோ மென்றதோ உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. கொட்டமுத்தும், அதாவது ஆமணக்கு விதையும், அப்படித்தான். காட்டாமணக்கு, அரளி விதைகளையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். புளியங்கொட்டையைக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். நம் ஊரில் புளியமரத்துக்கா குறைச்சல்? அதுவும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் வீட்டில் இருந்தால், ஆடி முடித்ததும் எண்ணி எடுத்து வைத்துவிட வேண்டும். தொண்டையில் சிக்கும் அளவுள்ள எந்தப் பொருளும் அந்த வயதுக்கு ஆகாது.

சென்னிமலையிலிருந்து ஒருவர்: மகனும் அவன் நண்பர்களும் மண்ணில் பொம்மை செய்ய ஆசைப்படுகிறார்கள். நொய்யல் கரையில் களிமண் எடுக்கலாமா?

நொய்யலில் வேண்டாம். 1992 இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கு உதவுவதற்குப் பதிலாகத் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் இடமாகிப் போனது. கழிவைச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூட 2011 இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும், படிந்த மண்ணைக் குழந்தைகள் பிசைவதற்குக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பாது. நம் ஆற்று மண்ணைப் பற்றி இப்படி எழுத வேண்டியிருப்பது வலிக்கத்தான் செய்கிறது. மானாவாரிக் குட்டையிலோ, மண்பானை செய்கிறவரிடம் கேட்டோ வாங்குங்கள்.

மண்ணை ஊறவைத்துக் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் கண்ணாடித் துண்டு, முள், வேர் எல்லாம் நின்றுவிடும். தெளிந்த நீரை இறுத்துவிட்டு, கொஞ்சம் மெல்லிய மணல் சேர்த்துப் பிசைந்தால் வெடிப்பு குறையும். பையன்கள் எப்படியும் காங்கயம் காளைதான் செய்வார்கள். கொம்பும் திமிலும்தான் முதலில் உதிரும். ஒட்ட வேண்டிய இரண்டு இடத்தையும் குச்சியால் கீறி, மண் குழம்பு தடவி அழுத்தச் சொல்லுங்கள். கொம்புக்குள் சீமாற்றுக் குச்சி ஒன்றைச் செருகிவிட்டால் நிற்கும். நிழலில் மெதுவாகக் காயட்டும்.

கரூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: தம்பிக்கு வெங்காரம் (போராக்ஸ்) போட்டு வழவழப்பான ஸ்லைம் செய்து கொடுக்கலாமா அக்கா?

வேண்டாம், கண்ணு. வெங்காரம் தோலுக்கும் வயிற்றுக்கும் ஆகாது. கார்ன்ஃபிளவர் என்று கடையில் விற்கும் வெள்ளைச் சோளமாவு இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து கொடு. குத்தினால் கெட்டி, விட்டால் ஒழுகும். அவனுக்கு அது போதும். மீதியைத் தொட்டியில் ஊற்றாதே, குழாய் அடைத்துக்கொள்ளும்.

திருப்பூரிலிருந்து ஒரு தையல்காரர்: பனியன் வெட்டுத் துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. பொம்மை செய்யலாமா?

அருமையான துணி, வெட்டிய ஓரம் நூல் பிரியாது. முதலில் வெந்நீரில் அலசிக் காயவையுங்கள். உள்ளே அடைக்கவும் அதே துணித் துண்டு போதும். கண்ணுக்குப் பொத்தான் வைக்காமல் நூலால் பின்னுங்கள். ஒரு சாணுக்கு மேல் நாடா தொங்கக்கூடாது.

கோபியிலிருந்து ஒரு தாய்: பழைய காகிதத்தில் அம்மாக்கள் கூடை செய்வார்களே, அதைக் குழந்தைகளோடு செய்யலாமா?

கட்டாயம் செய்யுங்கள். காகிதத்தைக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு ஆட்டாங்கல்லில் அரைத்தால் வழவழப்பான கூழ் கிடைக்கும். வெந்தயத்தின் பசைதான் பிடிப்பு. கவிழ்த்த பாத்திரத்தின் மேல் எண்ணெய் தடவி, விரல் தடிமனில் அப்பச் சொல்லுங்கள்; அழுத்துகிற வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். ஐப்பசி மழையில் தொடங்கினால் காயாமல் பூஞ்சை பிடிக்கும். மாசி, பங்குனி வெயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.