கோட்டை முதல் பூக்கடை வரை: சென்னையின் பழைய இடங்கள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பெற்றோருடன் சென்னை வருகிறேன். ஒரு நாள்தான் இருக்கிறது. பழைய இடங்களில் எவற்றைப் பார்க்கலாம்?

பதில்: ஊர் முழுவதும் அலைய வேண்டாம். புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்கி, உயர் நீதிமன்றத்தைக் கடந்து, பூக்கடைப் பகுதி வரை செல்லுங்கள். நகரம் உருவான வரலாறு இந்தச் சிறு தொலைவுக்குள்ளேயே இருக்கிறது. 1640இல் கட்டத் தொடங்கிய கோட்டை 1644 ஏப்ரல் 23 அன்று, புனித ஜார்ஜ் திருநாளில் நிறைவடைந்தது. உள்ளே 1680இல் அருட்பொழிவு செய்யப்பட்ட புனித மேரி தேவாலயத்தைத் தவறவிடாதீர்கள். பீரங்கிக் குண்டுகளைத் தாங்குவதற்காகவே அதன் கூரையைத் தடித்த வளைவுகளாகக் கட்டினார்கள். ராபர்ட் கிளைவின் திருமணம் 1753இல் அங்குதான் நடந்தது. தலைமைச் செயலகமும் கோட்டைக்குள்ளேயே இயங்குவதால் வாயிலில் சோதனை உண்டு. அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

கேள்வி: உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில் முன்பு ஒரு கோயில் இருந்தது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். சென்னையைப் பார்க்க வருவோர் அனைவரும் அறிய வேண்டிய செய்தி என்று இதையே நான் கருதுகிறேன். கோட்டையை ஒட்டி, இந்தியர் குடியிருந்த பழைய கறுப்பர் நகரத்தில், இன்று நீதிமன்றம் நிற்கும் நிலத்தில், சென்னகேசவப் பெருமாள் கோயில் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரரிடம் கோட்டையைப் பறிகொடுத்து மீண்டும் பெற்ற ஆங்கிலேயர், எதிரி மறைந்து நெருங்க இடம் தரக் கூடாது என்று கோட்டையைச் சுற்றியிருந்த கட்டடங்களை அகற்றினர். 1757இல் அந்தக் கோயிலும் இடிக்கப்பட்டது. பின்னர் கும்பினியார், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார், மாற்று நிலமும் பணமும் கொடுக்க, மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று, பூக்கடையருகே சென்னகேசவருக்கும் சென்னமல்லீசுவரருக்கும் அடுத்தடுத்துக் கோயில்கள் எழுப்பினார். அவை இன்றும் வழிபாட்டில் உள்ளன. நீதிமன்றத்தை மட்டும் படமெடுத்துவிட்டுத் திரும்புபவர்கள் இந்த இரண்டு கோயில்களையும் காணாமலே போகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கேள்வி: நீதிமன்றத்தின் மேல் கலங்கரை விளக்கம் இருந்ததா?

பதில்: இருந்தது. கட்டடம் 1892இல் திறக்கப்பட்டது; அதன் உயரமான குவிமாடத்தில் 1894 முதல் 1977 வரை விளக்கு எரிந்தது. முதல் விளக்கு 1796இல் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக உள்ள கட்டடத்தின் மேல் ஏற்றப்பட்டது. 1844இல் எழுந்த இரண்டாவது விளக்கின் தூண் நீதிமன்ற வளாகத்தில் இப்போதும் நிற்கிறது. நான்காவதைத்தான் மெரினாவில் பார்க்கிறீர்கள். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் வீசிய குண்டுகளில் ஒன்று இவ்வளாகத்தில் விழுந்ததைக் குறிக்கும் கல்வெட்டும் இங்கு உண்டு.

கேள்வி: வெள்ளிக்கிழமை வரலாமா?

பதில்: வேண்டாம். கோட்டை அருங்காட்சியகம், எழும்பூர் அருங்காட்சியகம் இரண்டுக்கும் அன்று விடுமுறை.

கேள்வி: பள்ளி மாணவர்களை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லவிருக்கிறேன். எங்கே அதிக நேரம் செலவிடலாம்?

பதில்: செப்புத் திருமேனிகள் கூடத்தில். 1851இல் தோன்றிய இந்நிறுவனத்தின் பெருஞ்செல்வம் அங்கேதான் இருக்கிறது. திருவாலங்காட்டு நடராசரையும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரையும் மாணவர்கள் அவசரமின்றிப் பார்க்கட்டும். பிறகு அமராவதிப் பௌத்தச் சிற்பங்களுக்கு அழைத்துச் செல்லுங்கள். விலங்குக் கூடத்தை இறுதியில் வைத்தால் போதும்.