கப்பல் தள வேலையை விட்டு 19 ஆண்டுகள் ஆனபின் நோய்: இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. 1987 முதல் 2006 வரை மேற்குக் கடற்கரையில் ஒரு கப்பல் தளத்தில், ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலை பார்த்தார். எஞ்சின் அறைக் குழாய்களில் சுற்றியிருந்த பழைய ஆஸ்பெஸ்டாஸை உரித்தெடுப்பதுதான் வேலை. சென்ற ஆண்டு மூச்சுத் திணறல் வந்து, திசுப் பரிசோதனையில் மீசோதீலியோமா (நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் புற்றுநோய்) என்று சொல்லிவிட்டார்கள். ஒப்பந்தக்காரர் இப்போது உயிருடன் இல்லை. தளத்தில் கேட்டால், "அவர் எங்கள் ஆளே இல்லை, பீடி குடித்து வந்திருக்கும்" என்கிறார்கள். காலம் கடந்துவிட்டதா?
- வாசகி, குமரி மாவட்டம்

பதில்: கடந்துவிடவில்லை அம்மா. ஆனால் இனி ஒரு வாரத்தைக்கூட வீணாக்காதீர்கள்.

முதலில் பீடி விஷயம். புகைபிடிப்பதால் நுரையீரல் புற்றுநோய் வரும். மீசோதீலியோமாவுக்கும் புகைக்கும் தொடர்பு இல்லை. அதற்கு முக்கியக் காரணமே ஆஸ்பெஸ்டாஸ் தூசிதான். இதைப் புற்றுநோய் மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள். இந்த நோய் வெளிப்பட 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகும் என்பதையும் அவர் அதில் எழுத வேண்டும். வழக்கின் உயிர் அந்த வரியில்தான் இருக்கிறது.

ஏன் என்றால், 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் மனுவுக்குக் கெடு இரண்டு ஆண்டுகள். வேலையை விட்டு இரண்டு ஆண்டுக்குள் அறிகுறி தெரிந்தால், அது தெரிந்த நாளிலிருந்து கெடு ஓடும். அப்பாவுக்கோ 19 ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. எதிர்த்தரப்பு இதைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஆஸ்பெஸ்டாஸால் வரும் மீசோதீலியோமா அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே, அதாவது வேலையால் வரும் நோய்களின் பட்டியலிலேயே, இருக்கிறது; வேலையை விட்டபின் வந்த நோய்க்கும், அது வேலையால் வந்தது என்று நிரூபித்தால் இழப்பீடு உண்டு. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க, இந்த மனுவை விசாரிக்கும் ஆணையருக்கு அதிகாரமும் உண்டு. இந்த நோயின் இயல்பைவிடத் தக்க காரணம் வேறு என்ன இருக்க முடியும்? 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. உங்கள் தேதிகளை வைத்து எதன் கீழ் மனு போடுவது என்று வழக்கறிஞர் முடிவு செய்யட்டும். நோய் இரண்டின் பட்டியலிலும் இருக்கிறது.

"எங்கள் ஆள் இல்லை" என்பதும் செல்லாது. தன் தொழிலின் வழக்கமான வேலையைத் தன் இடத்திலேயே ஒப்பந்தக்காரர் வழியாகச் செய்வித்தால், முதன்மை முதலாளியிடமே, அதாவது இங்கே கப்பல் தளத்திடமே, இழப்பீடு கேட்கலாம். அதற்காக அந்த ஊருக்கு அலையவும் வேண்டாம். நீங்கள் வசிக்கும் பகுதிக்கான ஆணையரிடமே, அதாவது தொழிலாளர் துறை அலுவலகத்தில், மனு கொடுக்கலாம். அப்பாவுக்கு ஈஎஸ்ஐ இருந்ததா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அங்கேதான் கோர வேண்டும்.

பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். நிரந்தர முழு ஊனத்துக்கு, மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான காரணியால் பெருக்குவார்கள். 65 வயதைத் தாண்டியவருக்கு அது 99.37. பழைய சட்டத்தில் 15,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் கணக்கில் வராது. அந்த உச்சத்திலேயே 8.94 லட்சம்தான். அப்பாவின் அன்றைய சம்பளத்துக்கு இன்னும் குறையலாம்.

அதனால் ஆதாரம் வலுவாக இருக்க வேண்டும். கேட் பாஸ், பிஎஃப் சீட்டு, கூட வேலை பார்த்த இரண்டு பேரின் வாக்குமூலம் என்று கிடைப்பதையெல்லாம் சேருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் உத்தரவிட்டது. அதைக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். எல்லாவற்றுக்கும் முன், அப்பா பேசும் நிலையில் இருக்கும்போதே, எந்தக் கப்பல், எந்த வேலை, முகமூடி கொடுத்தார்களா என்று பிரமாணப் பத்திரமாகப் பதிவு செய்துவிடுங்கள். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் இதைத் தள்ளிப்போட முடியாது.

அப்புறம், அந்தத் தூசி படிந்த துணிகளை வீட்டில் அம்மாதானே துவைத்திருப்பார்? இந்தச் சட்டத்தில் அவருக்கு இழப்பீடு இல்லை. ஆனாலும் ஒருமுறை மார்பு எக்ஸ்ரே எடுத்து, துணி துவைத்ததையும் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.